கைக்கு இணங்கிய துப்பாக்கி

"கையில் வலுவில்லாதவர்கள் கைத்துப்பாக்கி சுடக் கற்றுக்கொள்ள முடியுமா?" என்று இனி யாராவது கேட்டால் நான் வாயால் பதில் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். நேரே ரேஞ்சுக்கு அழைத்துப் போய், ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனியின் 'எம் அண்ட் பி 380 ஷீல்ட் ஈஸி' பிஸ்டலைக் காலியாக்கி அவர் கையில் கொடுப்பேன். "ஸ்லைடைப் பிடித்துப் பின்னால் கொண்டுவாருங்கள்" என்பேன். மீதியை அந்தத் துப்பாக்கியே சொல்லிவிடும்!

நான் டெக்ஸஸில் இருப்பவள், ஐம்பதைத் தாண்டியவள். இரண்டு கட்டைவிரல்களிலும் அடிமூட்டுத் தேய்மானம். காலையில் விரல்களை மடக்கி நீட்டவே கொஞ்ச நேரம் பிடிக்கும். கிள்ளிப் பிடிப்பது, திருகுவது, நெம்புவது எல்லாமே வலிதான். புதுப் பாட்டில் மூடியை வீட்டில் யாராவதுதான் திறந்து தரவேண்டும். இங்கே வார இறுதியில் ரேஞ்சுக்குப் போய் காகித இலக்கைச் சுடுவது பல குடும்பங்களுக்குச் சாதாரணப் பொழுதுபோக்கு. என் கணவரும் மகளும் வெகுகாலமாகச் சுடுகிறார்கள். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஆசை வந்த இடத்தில் கை குறுக்கே நின்றது. அந்தக் கைக்கு ஏற்ற துப்பாக்கியைத் தேடிக் கண்டுபிடித்த சந்தோஷத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஸ்லைடு என்ற முதல் வாசல்

பழக்கமில்லாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிஸ்டலின் மேல்பாதி நகரக்கூடிய இரும்பு உறை. அதுதான் ஸ்லைடு. தோட்டாக்களை அடுக்கிய மேகசின் என்ற பெட்டியைச் செருகிய பிறகு ஸ்லைடை முழுக்கப் பின்னுக்குக் கொண்டுவந்து விட்டால்தான் முதல் தோட்டா, அது வெடிக்கும் அறையான சேம்பருக்குள் ஏறும். சுட்டு முடித்ததும் சேம்பர் காலியா என்று பார்க்கவும் அதே ஸ்லைடைத்தான் பின்னுக்குக் கொண்டுபோய்ப் பூட்ட வேண்டும். தோட்டா நடுவில் சிக்கிக்கொண்டால் அதை வெளியேற்றவும் ஸ்லைடுதான் வழி. ஸ்லைடைத் தானே நகர்த்த முடியாதவர் துப்பாக்கியை ஏற்றவும் முடியாது, நம்பிக்கையோடு காலி செய்யவும் முடியாது.

இது வெறும் வசதி பற்றிய விஷயம் இல்லை. ரேஞ்சில் வலுவில்லாத கைகளோடு ஸ்லைடுடன் மல்லுக்கட்டுபவர்களைக் கவனித்துப் பாருங்கள். முதலில் முழங்கை வெளியே போகும். அடுத்து உடம்பு திரும்பும். உடம்போடு சேர்ந்து குழல்வாயும் பக்கத்து ஆளை நோக்கித் திரும்பும். இன்னும் இறுக்கிப் பிடிக்கும் முயற்சியில் சுட்டுவிரல் தன்னையறியாமல் டிரிகருக்குள் நுழையும். நவீனத் துப்பாக்கிப் பயிற்சியின் முன்னோடி ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு விதிகள் இங்கே எல்லா ரேஞ்சுகளிலும் பாலபாடம். எந்தத் துப்பாக்கியும் ஏற்றப்பட்டது என்றே நினை. அழிக்க மனமில்லாத எதன் மேலும் குழல்வாயைக் காட்டாதே. குறி இலக்கில் நிலைக்கும்வரை டிரிகரில் விரல் வைக்காதே. இலக்கு எது, அதன் பின்னால் இருப்பது எது என்று தெரிந்துகொள். முரட்டு ஸ்லைடு ஒன்று அந்த நான்கில் இரண்டை ஒரே நொடியில் மீற வைத்துவிடும். அதனால்தான் அடித்துச் சொல்கிறேன், பலவீனமான கைக்கு எளிதாக இயங்கும் துப்பாக்கி என்பது சொகுசு கிடையாது. அதுவே பாதுகாப்பு.

சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கியா?

துப்பாக்கிக் கடைக்குள் ஒரு பெண்மணி, அதுவும் கொஞ்சம் வயதானவர், நுழைந்தால் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து முதலில் வெளியே வருவது இருப்பதிலேயே குட்டியான பிஸ்டல். "சின்ன கை, சின்ன துப்பாக்கி, சரியாக இருக்கும்" என்பார்கள். நல்ல மனதோடு சொல்லப்படும் இந்த யோசனையைப் போல ஆரம்பக்காரர்களைத் துப்பாக்கியை வெறுக்க வைப்பது வேறொன்றில்லை.

காரணம் எளிய இயந்திரவியல். தோட்டா வெடிக்கும்போது பின்னோக்கிப் பாயும் விசையை ஸ்லைடின் எடையும் அதன் அடியில் இருக்கும் சுருள்வில்லும் சேர்ந்துதான் தாங்க வேண்டும். துப்பாக்கி சிறுத்தால் ஸ்லைடு லேசாகும், அது ஓடும் தூரமும் குறையும். அந்தக் குறையையெல்லாம் ஈடுகட்டுவது ஸ்பிரிங். அதனால் ஸ்பிரிங்கை முரடாக வைத்தே ஆகவேண்டும். பிடித்து இழுக்க ஸ்லைடில் இடமும் போதாது. இரண்டு விரல் நுனியால் கிள்ளி இழுக்க வேண்டியிருக்கும். தேய்ந்த கட்டைவிரல் மூட்டுக்கு அதைவிடக் கொடுமை ஏது?

சுடும்போது கிடைக்கும் உதையும் அப்படியே. ரூகர் கம்பெனியின் எல்.சி.பி. சட்டைப்பைக்குள் அடங்கும் அருமையான பிஸ்டல். எடை சுமார் 270 கிராம். நான் கொண்டாடும் ஷீல்ட் ஈஸி சுமார் 525 கிராம். இரண்டுக்கும் அதே 380 காலிபர் தோட்டா. எடை இரட்டிப்பானதும் அந்தத் தோட்டாவின் குணமே மாறிவிட்டதாகத் தோன்றுகிறது. குட்டியில் உள்ளங்கை அதிர்ந்து மணிக்கட்டு வலிக்கும். ஈஸியில் ஒரு தள்ளு, அவ்வளவுதான்.

380 காலிபர் என்றாலே மென்மை என்றும் நினைத்துவிடக் கூடாது. வால்தர் பி.பி.கே. போன்ற பழைய பாணி பிஸ்டல்களில் குழலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதில்லை. வெடிப்பைத் தாங்குவது ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் இறுக்கமும் மட்டுமே. அதனால் பெரிய 9 மி.மீ. பிஸ்டல்கள் பலவற்றைவிட அவற்றின் ஸ்லைடு கடினம். தோட்டாவின் அளவை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் கை ஏமாந்துபோகும்.

"அப்படியானால் ரிவால்வர் எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்லைடே கிடையாதே" என்பது அடுத்த அறிவுரை. ஏற்றுவதும் காலி செய்வதும் ரிவால்வரில் உண்மையிலேயே சுலபம்தான். உருளையைப் பக்கவாட்டில் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். ஆனால் சிரமம் அங்கே டிரிகருக்குக் குடிபெயர்ந்துவிடுகிறது. டபுள் ஆக்ஷன் ரிவால்வரில் சுட்டுவிரல் இழுக்கும் ஒவ்வொரு இழுப்பும் சுத்தியலைத் தூக்கி, உருளையைச் சுழற்றி, பிறகு சுத்தியலை விடுகிறது. அதற்குப் பொதுவாக 10 முதல் 12 பவுண்டு இழுவை வேண்டும். 12 பவுண்டு என்றால் கிட்டத்தட்ட ஐந்தரைக் கிலோ. பைக்குள் வைக்கும் லேசான ரிவால்வரோ அரைக் கிலோகூட இருக்காது. அரைக் கிலோப் பொருளை அசையாமல் பிடித்துக்கொண்டு ஐந்தரைக் கிலோ விசையோடு ஒரு விரலை இழுத்தால் குறி எங்கே நிற்கும்? சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு ஏற்றிவிட்டால் டிரிகர் இலகுவாகும். ஆனால் எனக்கு வலியே அந்தக் கட்டைவிரலில்தானே! சுட்டுவிரல் திடமாக இருந்து, பிடியில் மட்டும் பலம் குறைந்தவர்களுக்கு ரிவால்வர் நல்ல துணை. எனக்கு இல்லை.

வந்தது ஷீல்ட் ஈஸி

வாடகைக்குத் துப்பாக்கி தரும் ரேஞ்சுகள் இங்கே நிறைய. அப்படி ஒன்றில் பயிற்சியாளர் அம்மாள் ஒருவர் என் விரல்களைப் பார்த்தார், கட்டைவிரலை அழுத்திப் பார்க்கச் சொன்னார். உள்ளே போய் இந்தப் பிஸ்டலை எடுத்துவந்து, ஸ்லைடு திறந்தபடியே மேசையில் வைத்தார். "உங்களை மாதிரிக் கைகளை மனதில் வைத்தே செய்தது இது" என்றார். ஸ்லைடை மூடிக் கொடுத்து, திறக்கச் சொன்னார். திறந்தேன். மேசை இழுப்பறையைத் திறக்கிற மாதிரி, திக்காமல் திணறாமல், ஒரே சீராக வந்தது! மறுபடி மூடினேன், மறுபடி திறந்தேன். பக்கத்தில் நின்ற என் மகள், "அம்மா, சுட வேண்டாமா, இதையே செய்துகொண்டிருக்கப் போகிறாயா?" என்றாள். அதையே செய்துகொண்டிருக்கத்தான் எனக்கு ஆசையாக இருந்தது.

இந்தப் பிஸ்டல் 2018-இல் வெளிவந்தது. அறிமுக விலை 399 டாலர். நீளம் சுமார் 17 செ.மீ., குழல் 9.3 செ.மீ., மேகசினில் 8 தோட்டாக்கள். எண்களைவிட எனக்குப் பரவசம் தருவது அதற்குள் நடக்கும் வேலைதான்.

இன்றைய பிஸ்டல்கள் பலவற்றில் தோட்டாவை வெடிக்க வைப்பது ஸ்டிரைக்கர் என்ற ஊசி. ஸ்லைடு மூடும்போது அந்த ஊசியின் ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளும். அதையும் மீறி ஸ்லைடு மூடவேண்டும் என்பதால் பிரதான ஸ்பிரிங் பலமாக இருந்தாக வேண்டும். ஷீல்ட் ஈஸியில் ஸ்டிரைக்கர் இல்லை. உள்ளே மறைந்திருக்கும் சுத்தியல் ஒன்றுதான் வேலை செய்கிறது. அந்த எதிர்ப்பு நீங்கியதும் இலேசான ஸ்பிரிங்கே போதுமானதாகிறது. குழலும் ஸ்லைடும் வெடிக்கும் கணத்தில் பூட்டிக்கொண்டு, பிறகுதான் விடுபடுகின்றன. அதனால் ஸ்பிரிங் மட்டும் எல்லாவற்றையும் தாங்க வேண்டிய நிர்பந்தம் கிடையாது. யாரோ ஒரு பொறியாளர் மேசையில் உட்கார்ந்து, வலிக்கும் கையை நினைத்து, ஒவ்வொரு ஸ்பிரிங்காகக் கேள்வி கேட்டிருக்கிறார்! அதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஸ்லைடின் பின்முனை இருபக்கமும் சற்றே விரிந்து நிற்கிறது. கை வழுக்கினாலும் அந்த விரிவில் வந்து தங்கிவிடும். கிள்ள வேண்டியதே இல்லை, உள்ளங்கையால் அணைத்துப் பிடித்தால் போதும்.

மேகசினைப் பற்றித் தனியாக ஒரு பாராட்டுப் பத்திரமே வாசிக்கலாம். சாதாரண மேகசினில் ஒவ்வொரு தோட்டாவையும் கட்டைவிரலால் அழுத்தி இறக்க வேண்டும். ஏற ஏற ஸ்பிரிங் இறுகும். கடைசி இரண்டு மூன்று தோட்டாக்களுக்கு என் கட்டைவிரல் சம்மதிக்கவே சம்மதிக்காது. ஈஸியின் மேகசினில் பக்கவாட்டில் சின்னக் குமிழ்கள் இருக்கின்றன. அவற்றைக் கீழே இழுத்துப் பிடித்தால் ஸ்பிரிங் தானே தாழ்கிறது. தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்க வேண்டியதுதான். எட்டும் எட்டாகச் சுகமாக இறங்குகின்றன. வேறு பிஸ்டல் வைத்திருப்பவர்கள் மேக்லூலா கம்பெனியின் அப்லூலா என்ற ஏற்றும் கருவியை வாங்கிக்கொள்ளலாம். அதுவும் விரல்களைக் காப்பாற்றும் நல்ல சாதனம்.

பிடியின் பின்புறம் ஒரு பாதுகாப்பு அழுத்தி. உள்ளங்கை பிடியை முழுக்க அணைத்தால்தான் துப்பாக்கி சுடும். அழுத்தியை இயக்கப் பலம் வேண்டுமோ என்ற கவலை எனக்கு இருந்தது. சரியாகப் பிடித்தாலே அது தானாக அழுந்திவிடுகிறது. பிடி தளர்ந்தால் சுடாது. சரியான பிடியை ஒவ்வொரு முறையும் நினைவூட்டும் ஆசிரியர் அது! டிரிகருக்கோ குறுகிய, தெளிவான இழுவை. எங்கே விடுபடும் என்று விரலுக்கு முன்கூட்டியே தெரிகிறது. சேம்பரில் தோட்டா இருந்தால் மேலே ஒரு சிறு பகுதி உயர்ந்து நிற்கும். தொட்டே உணரலாம். ஆனாலும் சேம்பரைத் திறந்து கண்ணால் பார்க்கும் பழக்கத்தை அது மாற்றக் கூடாது. சுத்தம் செய்யக் கழற்றும்போது டிரிகரை இழுக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது இன்னொரு நிம்மதி.

முதல் மேகசினைச் சுட்டு முடித்தபோது ஏழு கெஜத் தூரத்தில் இருந்த காகிதத்தில் ஓட்டைகள் ஓரிடத்தில் கூடியிருந்தன. என் கை செய்த காரியம் அது! வலியில்லாமல்! தோட்டாவும் அதற்குத் துணை. 380 காலிபர் ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1908-இல் கோல்ட் கம்பெனி அறிமுகப்படுத்திய நூற்றாண்டு கண்ட தோட்டா. குண்டின் எடை சுமார் 6 கிராம். 9 மி.மீ. தோட்டாவின் வழக்கமான குண்டு ஏழரை கிராம் அளவில் இன்னும் வேகமாகப் போகும். அந்த வித்தியாசம் மூட்டுக்குத் தெரிகிறது.

இழுக்காதே, தள்ளு

துப்பாக்கி பாதி என்றால் முறை மீதி. பயிற்சியாளர் அம்மாள் சொல்லிக்கொடுத்ததை அப்படியே தருகிறேன். ஸ்லைடைக் கையால் இழுக்கக் கூடாது. பிஸ்டலை நெஞ்சுக்கு அருகே கொண்டுவந்து, குழல்வாய் இலக்கை நோக்கியே இருக்க, இடது உள்ளங்கையை ஸ்லைடின் மேல் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். இடது கையை அப்படியே நிறுத்திவிட்டு, பிடியில் இருக்கும் வலது கையை முன்னோக்கிக் குத்துவதாக நினைத்துத் தள்ள வேண்டும். விரல்களின் வேலை தோளுக்கும் மார்புக்கும் மாறிவிடுகிறது. ஸ்லைடு கடைசிவரை வந்ததும் சட்டென்று விட்டுவிட வேண்டும். கூடவே கையைக் கொண்டுபோய் மெதுவாக மூடினால் தோட்டா சரியாக ஏறாது.

ஸ்லைடைத் திறந்த நிலையில் பூட்டுவதற்கும் வலுக்குறைந்த கைக்கு ஒரு வழி உண்டு. ஒரு கையால் ஸ்லைடைப் பிடித்துக்கொண்டே மறுகைக் கட்டைவிரலால் அதைப் பூட்டும் நெம்புகோலைத் தூக்குவது எனக்குச் சிரமம். காலி மேகசினைச் செருகிவிட்டு ஸ்லைடைப் பின்னுக்குக் கொண்டுபோனால் அது தானே பூட்டிக்கொள்ளும். இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் பட்ட சந்தோஷம் சொல்லி முடியாது.

சுடும்போது மணிக்கட்டு நேராக, உறுதியாக இருக்க வேண்டும். மணிக்கட்டு துவண்டால் ஸ்லைடு முழுத்தூரம் ஓடாமல் தோட்டா சிக்கும். அதற்கு இரும்புப் பிடி தேவையில்லை. இரண்டு கைகளும் பிடியைச் சுற்றி இடைவெளியில்லாமல் அமர்ந்தால் போதும்.

மற்ற நல்ல துணைகள்

என் ஈஸியைத் தவிர வேறு நல்லவையே இல்லை என்று சொல்லமாட்டேன். 2023-இல் ரூகர் கொண்டுவந்த செக்யூரிட்டி 380 பிஸ்டலும் இதே எண்ணத்தோடு செய்தது. அதிலும் உள்சுத்தியல், இலகுவான ஸ்லைடு. ஸ்லைடே வேண்டாம் என்னும் அளவுக்குக் கை முடியாதவர்களுக்கு பெரெட்டாவின் சில மாடல்கள் வரப்பிரசாதம். ஒரு நெம்புகோலைத் தட்டினால் குழலின் பின்முனை மேலே எழும்பும். தோட்டாவை நேரே சேம்பரில் வைத்துக் குழலை அழுத்தி மூடிவிடலாம். பெரெட்டா 86 சீட்டா, டாம்கேட், பாப்கேட் எல்லாம் அந்த ரகம். அழகுக்காகவே கையில் வைத்துப் பார்க்கலாம்! கற்றுக்கொள்வதற்கு என்றால் 22 காலிபர்தான் ராஜா. உதை மிகக் குறைவு, தோட்டா மலிவு, டாரஸ் டி.எக்ஸ். 22 போன்ற பிஸ்டல்களின் ஸ்லைடும் இலகு. வெடிமருந்துப் பூச்சு தோட்டாவின் விளிம்பில் இருப்பதால் அவ்வப்போது ஒன்று வெடிக்காமல் போகும். பயிற்சிக்கு அது பெரிய குறையல்ல.

ஷீல்ட் ஈஸியிலேயே 9 மி.மீ. வகையும் உண்டு. பழையதாக வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2020 மார்ச் முதல் அக்டோபர் வரை தயாரான 9 மி.மீ. ஈஸிகளில் சிலவற்றின் சுத்தியலில் விரிசல் வரக்கூடும் என்று அந்த ஆண்டு நவம்பரில் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுத்தது. வரிசை எண்ணைக் கம்பெனியிடம் சரிபார்த்துவிட்டே வாங்குங்கள்.

வாங்கும் முன், வாங்கிய பின்

அமெரிக்காவில் கடையில் கைத்துப்பாக்கி வாங்கப் பொதுவாக 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். 1998 முதல் நடைமுறையில் இருக்கும் தேசியப் பின்னணிச் சோதனையில் தேறவேண்டும். நம்மவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது, எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களைப் பொதுவாகத் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூட்டாட்சிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகளே உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்கள் வாங்கலாம். மாநிலத்துக்கு மாநிலம் கூடுதல் விதிகள் உண்டு.

வீட்டுக்கு வந்ததும் பூட்டுப்பெட்டி. இதில் சமரசமே கூடாது. எளிதாக இயங்கும் ஸ்லைடு குழந்தையின் கைக்கும் எளிதுதான் என்பதை ஒரு நாளும் மறக்கக் கூடாது. சாவியைத் திருகுவது சிரமம் என்பவர்களுக்கு எண் பொத்தான் அமுக்கித் திறக்கும் பெட்டிகள் இருக்கின்றன. ரேஞ்சில் காதுக்கும் கண்ணுக்கும் காப்பு அணிய வேண்டும். முடித்து வந்ததும் ஈயத் துகள் போகக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

கடைசியாக, கடை மேசை முன் நிற்கப்போகும் என் சகோதரிகளுக்கும், கைநடுக்கமோ மூட்டுவலியோ உள்ள பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விற்பவர் இழுத்துக் காட்டுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கணவரோ மகனோ தேர்ந்தெடுத்துத் தருவதையும் அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். அனுமதி கேட்டு, காலித் துப்பாக்கியில் ஐந்து காரியங்களை உங்கள் கையாலேயே செய்து பாருங்கள். ஸ்லைடைத் திறந்து பூட்டுங்கள். சேம்பரைப் பாருங்கள். மேகசினைச் செருகிக் கழற்றுங்கள். பாதுகாப்பு நெம்புகோலை ஏற்றி இறக்குங்கள். டிரிகரை எட்டிப் பிடித்துக் குறி அசையாமல் இழுங்கள். பிறகு ரேஞ்சில் அதே மாடலை வாடகைக்கு எடுத்து, மேகசினை நீங்களே நிரப்பிச் சுடுங்கள். இத்தனையையும் உங்கள் கை வலியில்லாமல் செய்தால் அதுதான் உங்கள் துப்பாக்கி. ஒன்று முடியாமல் போனாலும் நன்றி சொல்லி வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். குறை உங்கள் கையில் இல்லை, அந்தத் துப்பாக்கி உங்களுக்காகச் செய்யப்படவில்லை, அவ்வளவுதான். எனக்கு இது எல்லாவற்றையும் செய்யவிட்ட முதல் பிஸ்டல் ஷீல்ட் ஈஸி. அதனால்தான் இத்தனை புகழ்கிறேன். இன்னும் கேட்டால் இன்னும் புகழ்வேன்!